கோடாரி எங்கே போச்சு?

ஊட்டியிலிருந்து கூடலூர் ரோட்டில் இருபது கிலோமீட்டர் போனா பைக்காரா. போட் ஹவுஸ், ஃபால்ஸ், வழியில் சினிமாக்காரங்க டூயட் எடுத்துத் தேய்ச்ச ஒன்பதாவது மைல் புல்வெளி, அப்புறம் பைன் தோப்பு. அந்தத் தோப்புக்குள்ளே நின்னு எடுத்த ஒரு போட்டோ உங்களில் பாதிப் பேர் போனில் இருக்கும். 'செம காடு!'ன்னு கேப்ஷனும் போட்டிருப்பீங்க.

அந்த 'செம காட்டில்' பெரும்பகுதி மனுஷன் நட்டது. பைன் மெக்சிகோவிலிருந்து வந்தது. ரோட்டோரம் மஞ்சப் பூ பூக்கிற வாட்டில் மரமும், தைலம் எடுக்கிற யூகலிப்டஸும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. நீலகிரிக்காரங்க வாட்டிலைச் சீகை மரம்னும், யூகலிப்டஸைக் கற்பூர மரம்னும் சொல்வாங்க. பேர் உள்ளூர் பேரா மாறிடுச்சு. மரம் வெளியூர்தான்.

இதையெல்லாம் எதுக்கு இவ்வளவு நட்டாங்க? அந்தக் கேள்வியில்தான் இன்றைய எபிசோட் தொடங்குது. ஒரு நாட்டுக்கு மரம் வேணும். கதவுக்கு, கட்டிலுக்கு, பேப்பருக்கு, தோல் பதனிட. அதை எங்கேயிருந்து எடுக்கிறது? சொந்தக் காட்டிலா, வயலிலா, இல்லை வேறொரு நாட்டுக் காட்டிலா? இந்தியாவும் சீனாவும் இரண்டே வருஷ இடைவெளியில் தங்கள் காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தினாங்க. அதுக்கப்புறம் இரண்டு நாட்டுக்கும் கப்பலில் வந்த மரத்தின் கணக்கை வச்சுப் பார்த்தா ஒரு பெரிய கதை கிடைக்கும். அந்தக் கதையின் இந்தியப் பாதி ஆரம்பிச்சது பைக்காராவுக்குக் கீழே, கூடலூரில்.

தோலுக்கு ஒரு மரம்

முதலில் வாட்டில். நீலகிரியின் உச்சி பழைய காலத்தில் இப்படி மரமா இருக்கலை. மேடெல்லாம் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. தோடர்களின் எருமைகள் மேய்ஞ்சது அந்தப் புல்லில்தான். பைக்காரா ஆறு அவங்களுக்குப் புனிதமான ஆறு. வெள்ளைக்காரன் கண்ணுக்கு அந்தப் புல்வெளி சும்மா கிடக்கிற நிலமாகத் தெரிஞ்சது. 1840-களிலிருந்து விறகுக்காக வாட்டிலும் யூகலிப்டஸும் ஊட்டியைச் சுற்றி வேர்பிடிச்சது.

பெரிய அளவில் நட்டது சுதந்திரத்துக்குப் பிறகு. காரணம், தோல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல். இந்த ஊர்களில் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் பழைய சரக்கு. வாட்டில் பட்டையில் பதனிடும் சத்தான டானின் அதிகம். அந்தப் பட்டையையும், அதைக் காய்ச்சி எடுத்த சாற்றையும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து கப்பலில் வாங்கினோம். இதில் வேடிக்கை என்னன்னா, நேட்டாலுக்கும் அது ஆஸ்திரேலியாவிலிருந்து போன மரம்தான்.

1946-ல், தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களை ஒதுக்கி நடத்தியதைக் கண்டிச்சு இந்தியா அந்த நாட்டோட வியாபாரத்தையே நிறுத்தியது. உலகத்தில் அப்படிச் செய்த முதல் நாடு நாமதான். அங்கே ஒதுக்கப்பட்டவங்களில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன தமிழ்க் குடும்பங்களும் ஏராளம். நியாயமான முடிவு. ஆனா தோல் ஆலைக்குப் பட்டை வேணுமே? கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வாங்கலாம். அதுக்கு அந்நியச் செலாவணி வேணும், அது அன்றைக்கு நம்மகிட்ட இல்லை. 'நாமே வளர்த்துக்கலாம்' என்று முடிவாச்சு. ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் வனத்துறை நீலகிரிப் புல்வெளியில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் வாட்டில் நட்டது. பட்டை தோலுக்குப் போச்சு. பின்னாடி மேட்டுப்பாளையம் பக்கம் சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை வந்ததும், ரேயான் துணிக்கான மரக்கூழுக்கு வாட்டிலும் கற்பூர மரமும் லாரியில் மலையிறங்கியது.

இறக்குமதிக்குப் பதில் உள்நாட்டு உற்பத்தி. தாளில் பார்த்தா வெற்றி. ஆனா அந்தத் தாளில் புல்லுக்கு ஒரு பத்தி கிடையாது. மழையைப் பஞ்சு போல உறிஞ்சி வச்சுக்கிட்டு கோடையில் ஓடைக்கு விடுகிற புல்வெளி அது. எருமைக்கு மேய்ச்சல் அது. தோடர் கோயில்களுக்குக் கூரை வேயும் புல் வளர்ந்ததும் அங்கேதான். வாட்டிலை நிறுத்தவும் முடியலை. அதன் விதை மண்ணில் வருஷக்கணக்கா உறங்கும், தீ பட்டா கூட்டமா முளைக்கும். நடுவதை நிறுத்தின பிறகும் அது தானாகவே பரவிக்கிட்டு இருக்கு.

இதை ஞாபகத்தில் வச்சுக்கோங்க. மரத்தை இறக்குமதி செய்யாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. பைக்காரா அதைக் கொடுத்திருக்கு.

கூடலூரிலிருந்து டெல்லிக்கு

பைக்காராவிலிருந்து மலையிறங்கினால் கூடலூர். அங்கே ஜன்ம நிலங்கள்னு ஒரு பழைய சிக்கல். ஜமீன் மாதிரியான உரிமையில் இருந்த காடுகள், தேயிலைத் தோட்டங்கள். பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகத்துக்குச் சொந்தமாக இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் மாறி நிலம் அரசுக்குப் போச்சு, வழக்குகள் இழுத்துக்கிட்டே இருந்தது. அந்த இடைவெளியில் மரங்கள் விழுந்துக்கிட்டே இருந்தது.

அந்தக் கோவிலகத்தைச் சேர்ந்த ஒருத்தர், டி. என். கோதவர்மன் திருமுல்பாடு, 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 'ஒரு காலத்தில் எங்கள் குடும்பம் வச்சிருந்த காடு இப்போ அழியுது, தடுத்து நிறுத்துங்க' என்பதுதான் மனுவின் சாரம். நிலம்பூர்னு சொன்னதும் இன்னொன்றும் நினைவுக்கு வரணும். பிரிட்டிஷ்காரங்களின் கப்பல் கட்டும் தேவைக்காக 1840-களில் தேக்குத் தோட்டம் போட்ட ஊர் அது. உலகின் பழமையான தேக்குத் தோட்டம் அங்கேதான் இருக்கு. அடுத்த நாட்டின் மரத் தேவைக்காக வெட்டுப்பட்ட ஊரிலிருந்து 'வெட்டாதே' என்று ஒரு குரல் வந்தது.

1996 டிசம்பர் 12-ல் வந்த இடைக்கால உத்தரவு கூடலூரோட நிற்கலை. காடு என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருளோ அதுதான் சட்டத்திலும், நிலம் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் சரின்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. மத்திய அரசு ஒப்புக்கொண்ட செயல்திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது. தமிழ்நாட்டில் ஜன்ம நிலங்கள் உட்பட காடுகளில் வெட்டுக்குத் தடை. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போகவே தடை. ரயில் பெட்டி பெட்டியாக டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் வந்த அசாம், அருணாச்சல மரம் நின்னு போச்சு. அங்கிருந்த பிளைவுட் ஆலைகள் பலவற்றின் கதவு மூடியது.

யாங்சி பொங்கிய வருஷம்

இப்போ சீனாவுக்குப் போவோம். 1998 கோடை. யாங்சி ஆற்றில் பெருவெள்ளம். மூவாயிரத்துக்கும் மேல் பேர் இறந்தாங்க, கோடிக்கணக்கானவங்க வீடிழந்தாங்க. மழை மட்டும் காரணமில்லை, ஆற்றின் மேல்பகுதி மலைகளை மொட்டையடிச்சதும் காரணம்னு அரசே ஒப்புக்கிச்சு. சில மாதங்களுக்குள் சிச்சுவான், யுன்னான் மலைகளில் வெட்டுக்குத் தடை. இயற்கைக் காடுகளைக் காக்க ஒரு தேசியத் திட்டம். மரம் வெட்டியே பிழைச்ச லட்சக்கணக்கான அரசு ஊழியர்களுக்கு வேலை போச்சு. 2016 முடியும்போது இந்தத் தடை நாடு முழுக்க இருக்கிற இயற்கைக் காடுகளுக்கு நீண்டது.

ஆக, இங்கே ஒரு நீதிமன்றம், அங்கே ஒரு கட்சி அரசு. இங்கே ஒரு தனிமனிதனின் மனு, அங்கே ஒரு வெள்ளம். வழி வேற, முடிவு ஒண்ணு: காட்டில் கோடாரி வைக்காதே.

ஆனா யாரும் கட்டில் வாங்குவதை நிறுத்தலை. வீடு கட்டுவதையும் நிறுத்தலை.

இரண்டு கோடுகள்

மரக்கணக்கு கன மீட்டரில் வரும். நம்ம ஆசாரிகள் கன அடியில் பேசுவாங்க. ஒரு கன மீட்டர்னா சுமார் 35 கன அடி. ஒரு சாதாரண வாசல் நிலைக்கு இரண்டு கன அடி சுமார் பிடிக்கும்னு வச்சுக்கோங்க, அளவு மனசில் நிற்கும்.

1998-ல் சீனா வெளியிலிருந்து வாங்கிய மரத்துண்டுகள், அதாவது அறுக்காத முழு உருட்டு மரம், சுமார் 48 லட்சம் கன மீட்டர். அடுத்த வருஷமே உருட்டு மரத்துக்கும் பலகைக்கும் இறக்குமதி வரியைப் பூஜ்யம் ஆக்கினாங்க. 2000-ல் ஒரு கோடியே 36 லட்சம். 2003-ல் இரண்டரைக் கோடி. 2007-ல் 3 கோடியே 70 லட்சம். 2018-ல் கிட்டத்தட்ட 6 கோடி. இருபது வருஷத்தில் பன்னிரண்டு மடங்கு. இது உருட்டு மரம் மட்டும். பலகையும் பேப்பருக்கான மரக்கூழும் தனி. 2020-ல் வாங்கிய கூழ் மட்டும் சுமார் 3 கோடி டன்.

இந்தியாவின் கோடும் மேலேதான் போகுது, ஆனா வேற சாய்வில். 2000-ஐ ஒட்டி வருஷத்துக்கு சுமார் 20 லட்சம் கன மீட்டர். 2010-களின் முதல் பாதியில் ஐம்பது, அறுபது லட்சம். அதுக்கப்புறம் இறங்கியும் ஏறியும் போகுது. உச்சத்தில் வச்சுப் பார்த்தாலும் சீனாவின் பத்தில் ஒரு பங்கு. மக்கள்தொகை இரண்டு நாட்டிலும் ஏறக்குறைய சமம். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

மூணு காரணம் சொல்வேன்.

முதல் காரணம், சீனா வாங்கிய மரம் முழுவதும் சீனாவுக்கு இல்லை. ரஷ்யாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் உருட்டு மரமாக உள்ளே வந்து, கட்டிலாகவும் பிளைவுட்டாகவும் அமெரிக்கா, ஐரோப்பாவுக்கு வெளியே போச்சு. உலகின் மிகப் பெரிய ஃபர்னிச்சர் ஏற்றுமதியாளர் சீனாதான். நம்ம ஊர் ஷோரூமில் 'இம்போர்ட்டட்'னு பெருமையாக எழுதி வச்ச சோபாவிலும் அந்த மரம் இருக்கலாம். இந்தியா வாங்கிய மரம் பெரும்பாலும் இந்தியாவிலேயே நிலையாகவும் கதவாகவும் பேக்கிங் பெட்டியாகவும் முடிஞ்சது.

இரண்டாவது, நாம மரத்திலிருந்து விலகினோம். 1993-ல் மத்திய பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்துவதற்கே தடை போட்டது. அந்தத் தடை 2020-ல்தான் நீங்கியது. இரும்பு ஜன்னல், பி.வி.சி. கதவு, பிளாஸ்டிக் சேர், தண்டவாளத்துக்குக் கீழே கான்கிரீட் ஸ்லீப்பர். நம்ம வீடுகளில் மரம் மெல்ல மறைஞ்சதற்குப் பின்னால் விலை மட்டும் இல்லை, கொள்கையும் இருக்கு. அதுக்குப் பதிலாக வந்த இரும்பும் சிமென்டும் பூமிக்கு இலவசமா வந்துடலை என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

மூணாவது காரணம்தான் முக்கியம். விவசாயி. 1988 தேசிய வனக்கொள்கை ஆலைகளைப் பார்த்து, 'காட்டை எதிர்பார்க்காதீங்க, விவசாயிகளோட சேர்ந்து உங்கள் மரத்தை வளர்த்துக்கோங்க' என்றது. ஹரியானாவின் யமுனாநகரில் வயல் வரப்பில் வளர்ந்த பாப்லர் பிளைவுட் ஆச்சு. கேரளாவின் பெரும்பாவூரில் பால் வற்றிய ரப்பர் மரம் பிளைவுட் ஆச்சு. நம்ம கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்கு. இந்திய வன அளவாய்வு நிறுவனத்தின் 2011 அறிக்கையைப் பாருங்க: காட்டிலிருந்து ஒரு வருஷத்தில் கிடைக்கும் மரம் சுமார் 32 லட்சம் கன மீட்டர். காட்டுக்கு வெளியே, வயலிலும் வரப்பிலும் தோட்டத்திலும் விளையக்கூடியது சுமார் 4 கோடியே 28 லட்சம். பதிமூணு மடங்கு. கப்பல்கள் கொண்டுவராத மரத்தை நம்ம விவசாயிகள் கொண்டுவந்தாங்க. அதைப் பற்றி யாரும் படம் எடுக்கலை.

சீனாவும் கோடிக்கணக்கில் மரம் நட்டது. ஆனா அதன் தொழிற்சாலைகளின் பசி, நட்டது வளரும் வேகத்தை விடப் பெரிசு.

கோடாரி போன ஊர்கள்

ஒரு காட்டில் வெட்டு நின்னா, இன்னொரு காட்டில் கூடுது. இந்த இடப்பெயர்ச்சியை இரண்டு நாட்டின் கணக்கிலும் ஊர் பேரோட பார்க்கலாம்.

இந்தியாவுக்கு வந்த கடின மரத்தில் பெரும்பகுதி மலேசியாவின் சரவாக்கிலிருந்து. பல வருஷங்கள் சரவாக் உருட்டு மரத்தின் முதல் வாடிக்கையாளர் இந்தியாதான். அங்கே பெனான் என்ற பழங்குடி மக்கள், தங்கள் காட்டில் லாரி நுழையாமல் 1987-லேயே ரோட்டை மறிச்சு உட்கார்ந்தாங்க. அந்தக் காட்டிலிருந்து வந்த மரம் காண்ட்லாவிலும் தூத்துக்குடியிலும் இறங்கியது. அடுத்தது மியான்மர் தேக்கு. அதிலும் நாம பெரிய வாடிக்கையாளர். 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. உடனே இந்திய பிளைவுட் கம்பெனிகள் மேல்தோலுக்கான மரம் தேடி ஆப்பிரிக்காவின் காபோன் வரைக்கும் போய் ஆலை போட்டாங்க.

சீனாவின் பட்டியல் இன்னும் நீளம். ரஷ்யாவிலிருந்து 2007-ல் மட்டும் இரண்டரைக் கோடி கன மீட்டர். ரஷ்யா ஏற்றுமதி வரியைக் கூட்டியதும் நியூசிலாந்து. பப்புவா நியூ கினியாவும் சாலமன் தீவுகளும் வெட்டும் மரத்தில் மிகப் பெரும்பங்கு சீனாவுக்கு. மியான்மரின் கச்சின் மலையில் எல்லை தாண்டி வெட்டப் போன நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்களை 2015 ஜனவரியில் பிடிச்சாங்க. ஜூலையில் ஆயுள் தண்டனை. சில நாளில் பொது மன்னிப்பில் விடுதலை. யுன்னான் மலையில் வெட்டத் தடை, எல்லைக்கு அந்தப் பக்கம் வெட்டு. மலைத்தொடர் ஒண்ணுதான், நடுவில் ஒரு கோடு.

விற்கிறவங்களும் சும்மா இருக்கலை. 2010-ல் காபோன், 2014-ல் மியான்மர், 2022-ல் ரஷ்யா என்று ஒவ்வொருத்தரா உருட்டு மரத்தை அப்படியே அனுப்ப மாட்டோம்னு சொன்னாங்க. சீனாவின் உருட்டு மர இறக்குமதி 2021-ல் 6 கோடியே 36 லட்சம். அடுத்த வருஷம் சுமார் 4 கோடியே 36 லட்சம். ரஷ்யத் தடை ஒரு காரணம், சீனாவில் வீடு கட்டும் தொழில் படுத்தது இன்னொரு காரணம்.

எல்லா இறக்குமதியும் காட்டை அழிக்குதுன்னு நான் சொல்ல வரலை. காண்ட்லாவில் இறங்கும் நியூசிலாந்து பைன், தோட்டத்தில் நட்டு, வெட்டி, மறுபடி நட்ட மரம். அதுவும் சரவாக் மரமும் சுங்கக் கணக்கில் ஒரே 'இறக்குமதி' என்ற தலைப்பில் வரும். அளவு மட்டும் பார்த்தா இந்த வித்தியாசம் தெரியாது.

அட்டைப்பெட்டியும் காடுதான்

உங்கள் வீட்டுக்கு வாரம் ஒரு தடவையாவது வரும் ஒரு பொருளைச் சொல்றேன். ஆன்லைன் ஆர்டரின் பழுப்பு அட்டைப்பெட்டி. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு வன விளைபொருள் கணக்கில் பழைய பேப்பரையும் சேர்க்கும். 2010-களின் நடுவில் சீனா வருஷத்துக்கு இரண்டே முக்கால் கோடி டன்னுக்கும் மேல் பழைய பேப்பர் வாங்கியது. அமெரிக்கா குப்பையில் போட்ட அட்டை, சீனாவில் புதுப்பெட்டி ஆகி, சரக்கோட அமெரிக்காவுக்கே திரும்பும். 2017-ல் 'அடுத்தவன் குப்பை எங்களுக்கு வேண்டாம்' என்று சீனா கதவைச் சாத்த ஆரம்பிச்சு, 2021 ஜனவரியில் முழுசா மூடியது. அந்தக் கப்பல்களில் ஒரு பகுதி நம்ம பக்கம் திரும்பியது. கோவை, உடுமலை பக்கம் இருக்கிற கிராஃப்ட் பேப்பர் மில்களுக்கு அதுதான் மூலப்பொருள். உங்கள் கையில் இருக்கும் பெட்டியின் ஒரு இழை கனடா ஸ்ப்ரூஸ் மரமாகப் பிறந்து, நியூயார்க்கில் குப்பையாகி, தூத்துக்குடி வழியா வந்திருக்கலாம்.

அப்போ என்ன செய்யலாம்?

இந்தக் கதையிலிருந்து 'வெட்டாதே' என்பது தப்புன்னு புரிஞ்சுக்கக் கூடாது. கோதவர்மன் வழக்கு இல்லைன்னா கூடலூர் இன்றைக்கு இப்படி இருந்திருக்காது. ஆனா வெட்டுக்குத் தடை என்பது பாதி வேலை. மீதிப் பாதி, அந்த மரம் இனி எந்த நிலத்தில் வளரும் என்ற கேள்வி. அதுக்குப் பதில் சொல்லாமல் விட்டா, சந்தையே பதில் சொல்லும். சந்தை சரவாக்குக்கும் சாலமன் தீவுக்கும் வழி காட்டும். அவசரத்தில் பதில் சொன்னா பைக்காராப் புல்வெளியில் வாட்டில் நட்ட மாதிரி ஆகும்.

தமிழ்நாட்டில் இப்போ ஒரு முயற்சி நடக்குது. 2022-ல் மாநில அரசு அந்நிய ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. முதுமலையில் பரவிய மஞ்சள்கொன்னை மரங்களை வெட்டி, கரூர் பக்கம் காகிதபுரத்தில் இருக்கும் டி.என்.பி.எல். ஆலைக்குக் கூழ் மரமாக அனுப்புறாங்க. காட்டுக்கு வேண்டாத மரம் பேப்பர் ஆகுது. அதே கொள்கையின் பட்டியலில் வாட்டிலும் இருக்கு. ஆனா வெட்டினால் மட்டும் புல் வந்துடாது. வருஷக்கணக்கில் நாற்றுப் பிடுங்கணும், சொந்தப் புல்லை நடணும், மறுபடி பிடுங்கணும். ஒரு காலத்தில் சேமிச்ச அந்நியச் செலாவணியின் வட்டி மாதிரி அந்தக் கூலியை இப்போ கட்டிக்கிட்டு இருக்கோம்.

அடுத்த தடவை ஒரு கட்டிலோ கதவோ வாங்கும்போது கடைக்காரர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, இது எந்த ஊர் மரம்?" முக்கால்வாசி இடத்தில் 'நல்ல மரம் தம்பி, கவலைப்படாதீங்க'ன்னுதான் பதில் வரும். பரவாயில்லை. நூறு பேர் கேட்டா, நூற்றியோராவது ஆளுக்குப் பதில் சொல்ல அவர் மொத்த வியாபாரிகிட்ட விசாரிச்சு வச்சிருப்பார்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.